பழைய எஸ்எஸ்டியைப் புது மெஷினில் மாட்டினேன்: விண்டோஸ் நீலத் திரை, டெபியன் மெனு காணோம்

அச்சகத்துப் பெண் | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் சிவாஜிநகரில் அப்பா நடத்தும் சின்ன அச்சகத்தில் டிசைன் வேலை என்னுடையது. போன வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போய் வந்ததில் எங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டு செத்துவிட்டது. இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, ஒன்பது வருஷமாக ஓடிய மெஷின்.

திங்கட்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ஏதோ ஆபீஸில் இருந்து வந்த பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி வந்தேன். 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம். உள்ளே 256 ஜிபி என்விஎம்ஈ (புது வகை எஸ்எஸ்டி), அதில் விண்டோஸ் 11 ப்ரோ. எங்கள் பழைய 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியையும் அதே பெட்டிக்குள் மாட்டினேன். அதில் விண்டோஸ் 10 ப்ரோவும் டெபியன் 12 என்ற லினக்ஸும் சேர்ந்து இருக்கின்றன. பேஜ்மேக்கரும் பழைய தமிழ், கன்னட எழுத்துருக்களும் விண்டோஸில். பழைய பத்திரிகைகளையும் கோயில் நோட்டீஸ்களையும் ஸ்கேன் செய்து டெசராக்ட் வைத்து எழுத்தாக்குவது டெபியனில்.

பழைய எஸ்எஸ்டியில் இருந்து பூட் செய்தால், எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வரவே இல்லை. நேராக விண்டோஸ் சின்னம் வருகிறது, புள்ளிகள் நாலு சுற்று சுற்றுகின்றன, அப்புறம் நீலத் திரை. அதில் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருக்கிறது. இரண்டு தடவைக்குப் பிறகு 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று தானே ஏதோ செய்யப் பார்க்கிறது.

மெஷின் வாங்கிய கடையில் கேட்டேன். 'மெஷின் மாறினால் ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும் மேடம்' என்றார்கள். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் பதினொன்று அந்த டிஸ்கில் பாதி முடிந்து கிடக்கின்றன. கடைசியாக பேக்கப் எடுத்தது போன மாசம். ஃபார்மட் இல்லாமல் வழி உண்டா?

---

கம்மனஹள்ளிக்காரன் | செவ்வாய், இரவு 10:05

வழி உண்டும்மா. ஃபார்மட் வேண்டாம். முதலில் மெஷினை அணைத்து வையுங்கள். ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரும்பத் திரும்ப ஓடட்டும் என்று விடாதீர்கள். அதற்குப் பிரச்சினை எங்கே என்று தெரியாது, சும்மா கை வைக்கும்.

உங்களுக்கு வந்திருப்பது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறு. ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றைப் போலத் தெரிகிறது.

ஒன்று, கிரப் காணாமல் போனது. யூஇஎஃப்ஐ என்ற இன்றைய பூட் முறையில் 'எதை முதலில் பூட் செய்வது' என்ற பட்டியல் டிஸ்கில் இருப்பதில்லை. மதர்போர்டில் உள்ள என்விராம் என்ற சின்ன நினைவகத்தில்தான் இருக்கும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கையில் இருக்கும் ரெஜிஸ்டர் மாதிரி. 'டெபியன்' என்ற பெயர் உங்கள் பழைய போர்டின் ரெஜிஸ்டரில் இருந்தது. அந்த போர்டு போனதோடு அதுவும் போய்விட்டது. டெபியன் மட்டும் டிஸ்கில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. புது வாட்ச்மேனுக்கு அதன் பெயர் தெரியாது, அவ்வளவுதான். விண்டோஸை மட்டும் அவருக்கு முகம் தெரியும். ஆபீஸ் மெஷின்களில் நிறைய, டிஸ்கில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் இருக்கிறதா என்று தானே தேடிப் பிடித்து பூட் செய்துவிடும்.

இரண்டாவது, நீலத் திரை. இது கிரப் சமாச்சாரமே இல்லை. பயாஸுக்குள் (மதர்போர்டின் செட்டிங் திரை) போய் 'சாட்டா ஆபரேஷன்' அல்லது 'சாட்டா மோட்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'ரெய்டு ஆன்' என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஆபீஸ் டெஸ்க்டாப்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். உங்கள் பழைய மெஷினில் ஏஹெச்சிஐ இருந்திருக்கும். இரண்டும் மதர்போர்டு டிஸ்கோடு பேசும் வெவ்வேறு முறைகள், ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். விண்டோஸ் ஆரம்பிக்கும்போது தனக்குப் பழக்கமான டிரைவரை மட்டும்தான் ஏற்றும். மற்றது டிஸ்கிலேயே இருந்தாலும் ஏற்றாது. ஆகவே, தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்கையே விண்டோஸால் பார்க்க முடிவதில்லை. அந்த நீலத் திரை சொல்வது அதைத்தான்.

எதையும் மாற்றும் முன்னால் பத்திரிகை ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். டெபியன் லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே பென்டிரைவில் இருந்து ஓடும் டெபியன்) இருக்கிறதா?

---

ஓசூர் ரோடு | செவ்வாய், இரவு 10:21

இதுக்கு இவ்வளவு பெரிய கதை எதுக்கு? லைவ் யூஎஸ்பியில் பூட்-ரிப்பேர் போட்டு 'ரெக்கமண்டட் ரிப்பேர்' அமுக்கினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நான் மூணு லேப்டாப்பில் பண்ணியிருக்கிறேன்.

---

கம்மனஹள்ளிக்காரன் | செவ்வாய், இரவு 10:34

நண்பரே, பூட்-ரிப்பேர் நல்ல கருவிதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அது கிரப்பைத்தான் சரி செய்யும். அதை ஓட்டிவிட்டு கிரப்பில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாலும் அதே நீலத் திரைதான் வரும். அப்புறம், கிரப் போட்டதால்தான் விண்டோஸ் கெட்டது என்று இவர் நினைத்துக்கொள்வார். பதினொரு கல்யாண வேலை அந்த டிஸ்கில் இருக்கும்போது, அது எந்த ஃபைலைத் தொடுகிறது என்று தெரியாமல் ஒரு பட்டனை அமுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

---

அச்சகத்துப் பெண் | புதன், காலை 7:15

ரொம்ப நன்றி அண்ணா. லைவ் யூஎஸ்பி தம்பியின் லேப்டாப்பில் ராத்திரியே தயார் செய்தேன். ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்குக்கு எடுத்துவிட்டேன், 41 ஜிபி. இப்போதுதான் நெஞ்சு படபடப்பு அடங்கியது.

ஒரு சந்தேகம். லைவ் டெபியனில் விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறக்கும்போது, விண்டோஸ் ஹைபர்னேட் நிலையில் இருக்கிறது, படிக்க மட்டும்தான் முடியும் என்று சொன்னது. நான் ஷட்டவுன்தானே செய்தேன்? இன்னொன்று, லைவ் டெபியனில் எங்கள் எஸ்எஸ்டி மட்டும்தான் தெரிகிறது. மெஷினோடு வந்த 256 ஜிபி என்விஎம்ஈ தெரியவே இல்லை. கெட்டுப்போனதா?

---

ஏரிக்கரை | புதன், காலை 8:02

நான் அல்சூரில் இருந்து. வேலை சர்வர் நிர்வாகம், அதனால் இதில் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன்.

கெட்டுப்போகவில்லை. 'ரெய்டு ஆன்' நிலையில் இன்டெல் கன்ட்ரோலர் என்விஎம்ஈயைத் தனக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ளும். லினக்ஸால் பார்க்க முடியாது. சாட்டா டிஸ்க் மட்டும் தெரியும். நீங்கள் சொன்னதே போதும், கம்மனஹள்ளி அண்ணன் ஊகம் சரி.

ஹைபர்னேட் என்று சொன்னது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் அமுக்கினாலும் விண்டோஸ் தன் கெர்னலை மட்டும் உறைய வைத்து டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் தூங்கும். டூயல் பூட் (ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டம்) வைத்திருப்பவர்கள் அதை அணைத்தே வைக்க வேண்டும். விண்டோஸ் பூட் ஆனதும் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை ஆஃப் செய்துவிடுங்கள். லினக்ஸ் பக்கத்தில், அப்படி எழுதி வைத்த ஹைபர்ஃபைலை நீக்கி மவுண்ட் செய்யும் (பார்ட்டிஷனை இணைத்துத் திறக்கும்) ஆப்ஷன் ஒன்று உண்டு. அதை இப்போது தொடாதீர்கள். படிக்க மட்டும் திறந்ததே சரி.

இப்போது பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். மாற்றும்போது பயமுறுத்துவது போல ஒரு எச்சரிக்கை வரும். அது என்விஎம்ஈயில் உள்ள விண்டோஸ் 11ஐப் பற்றியது. அது ரெய்டு டிரைவரோடு நிறுவப்பட்டது, ஆகவே ஏஹெச்சிஐக்கு மாறியதும் அதற்கு இதே நீலத் திரை வரும். அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

---

அச்சகத்துப் பெண் | புதன், காலை 9:48

வந்துவிட்டது! விண்டோஸ் வந்துவிட்டது!

எஃப்2 அமுக்கி உள்ளே போய் 'சாட்டா ஆபரேஷன்' பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே 'ரெய்டு ஆன்'. ஏஹெச்சிஐ வைத்து 'அப்ளை' கொடுத்தேன். இந்தத் தடவை புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. கீழே 'கெட்டிங் டிவைசஸ் ரெடி' என்று ஒரு வரி வந்து 27 சதவீதத்தில் ரொம்ப நேரம் நின்றது. அப்பா பக்கத்தில் நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தானே ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகி, எங்கள் பழைய டெஸ்க்டாப், அதே மஞ்சள் பின்னணி, அதே ஐகான்கள்.

பேஜ்மேக்கரைத் திறந்து முதலில் பார்த்தது வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற பத்திரிகையைத்தான். எழுத்துரு எல்லாம் அப்படியே இருக்கிறது, கட்டம் கட்டமாகப் போகவில்லை.

ஏரிக்கரை அக்கா, ஹைபர்னேட்டை அணைத்துவிட்டேன். டெபியனுக்கு என்ன செய்வது?

---

ஏரிக்கரை | புதன், மதியம் 1:10

நல்ல செய்தி. டெபியன் வேலையைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் அடுத்த தடவை யாரையும் கேட்க வேண்டாம்.

உங்கள் எஸ்எஸ்டியில் 100 எம்பி அளவில் ஒரு பார்ட்டிஷன் இருக்கும், ஃபேட்32. அதற்கு இஎஸ்பி என்று பெயர். அதற்குள் 'இஎஃப்ஐ' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', 'டெபியன்', 'பூட்' என்று மூன்று. முதல் இரண்டு அந்தந்த சிஸ்டத்தின் சொந்த இடம். மூன்றாவது பொது இடம். ரெஜிஸ்டரில் எந்தப் பெயரும் இல்லாவிட்டால் மதர்போர்டு அந்த 'பூட்' ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். பென்டிரைவ் எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பூட் ஆவது இந்த வழியில்தான். விண்டோஸ் நிறுவும்போது தன் பிரதி ஒன்றை அங்கே வைத்துவிடும். டெபியன், நீங்கள் கேட்டால் ஒழிய, அந்த இடத்தைத் தொடாது. மற்றவர் இடத்தில் கை வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் டிஸ்கை இடம் மாற்றும்போது டெபியன் பக்கம் தனியாக விடப்படுவதும் அதனால்தான்.

லைவ் யூஎஸ்பியில் பூட் செய்யுங்கள். டெர்மினலில், டெபியன் ரூட் பார்ட்டிஷனை எம்என்டி ஃபோல்டரில் மவுண்ட் செய்யுங்கள். அதற்குள் இருக்கும் பூட், அதற்குள் இஎஃப்ஐ என்ற இடத்தில் அந்த 100 எம்பி பார்ட்டிஷனை மவுண்ட் செய்யுங்கள். அப்புறம் டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் உள்ளே பைண்ட் செய்து (அங்கேயும் தெரியும்படி இணைத்து) சிஎச்ரூட் கொடுங்கள். இப்போது நீங்கள் உங்கள் சொந்த டெபியனுக்குள் நிற்கிறீர்கள். அங்கே கிரப்-இன்ஸ்டால். அதோடு 'ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்' என்ற ஆப்ஷனையும் சேருங்கள். அப்போது அந்தப் பொது இடத்திலும் கிரப்பின் பிரதி ஒன்று உட்காரும். நாளைக்கே இந்த மெஷினும் போய் மூன்றாவது மெஷினில் மாட்டினாலும் கிரப் வருவதற்கு ஒரு வழி இருக்கும். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் இருப்பதால் அதற்குக் கெடுதல் இல்லை. கடைசியாக, மெனுவைப் புதுப்பிக்க அப்டேட்-கிரப்.

---

அச்சகத்துப் பெண் | புதன், இரவு 8:55

அக்கா, கிரப்-இன்ஸ்டால் கொடுத்தால் 'இஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட் ஆன் திஸ் சிஸ்டம்' என்கிறது. மெஷின் யூஇஎஃப்ஐதானே?

---

கம்மனஹள்ளிக்காரன் | புதன், இரவு 9:12

மெஷின் யூஇஎஃப்ஐதான். நீங்கள் யூஎஸ்பியைத் திறந்த கதவு பழைய கதவு. எஃப்12 அமுக்கினால் பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு இடத்தில் தெரியும். 'யூஇஎஃப்ஐ' என்ற தலைப்பின் கீழ் ஒன்று, 'லெகசி' என்ற தலைப்பின் கீழ் ஒன்று. நீங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அந்த வழியில் போனால் மதர்போர்டின் ரெஜிஸ்டரைத் தொடவே முடியாது.

உறுதி செய்ய, லைவ் டெர்மினலில் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ வழி. இல்லாவிட்டால் லெகசி வழி.

---

அச்சகத்துப் பெண் | புதன், இரவு 9:50

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. லெகசி வழியில்தான் போயிருந்தேன். மாற்றிப் பார்த்தேன், இப்போது இஎஃப்ஐ ஃபோல்டர் இருக்கிறது. ஆனாலும் சிஎச்ரூட் உள்ளே போய்க் கொடுத்தால் அதே வரிதான் வருகிறது.

---

ஏரிக்கரை | புதன், இரவு 10:03

இது என் தவறு, மன்னியுங்கள். சிஸ் ஃபோல்டரை வெறும் பைண்ட் கொடுத்தால், அதற்குள் தனியாக மவுண்ட் ஆகியிருக்கும் இஎஃப்ஐவார்ஸ் (மதர்போர்டின் ரெஜிஸ்டருக்குப் போகும் வழி) உள்ளே வராது. வெளிக்கதவைத் திறந்து உள்ளறையைப் பூட்டி வைத்த மாதிரி. சிஎச்ரூட்டில் இருந்து வெளியே வந்து, பைண்ட்டுக்குப் பதில் ஆர்பைண்ட் என்று கொடுங்கள். அல்லது உள்ளேயே இஎஃப்ஐவார்ஸைத் தனியாக மவுண்ட் செய்யுங்கள். பிறகு மறுபடி கிரப்-இன்ஸ்டால்.

---

அச்சகத்துப் பெண் | புதன், இரவு 10:31

'இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்ட். நோ எரர் ரிப்போர்ட்டட்.'

இந்த ஒரு வரியைப் பார்க்க ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்தேன், கிரப் வந்தது. ஆனால் டெபியன் மட்டும்தான் இருக்கிறது, விண்டோஸ் மெனுவில் இல்லை. டெபியனைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றரை நிமிஷம் 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எமர்ஜென்சி மோட். அங்கேயும் 'ரூட் அக்கவுண்ட் பூட்டியிருக்கிறது' என்று சொல்லி உள்ளே விட மறுக்கிறது. நாளைக்குப் பார்க்கிறேன், கண் எரிகிறது.

---

மத்திகெரே வாத்தியார் | வியாழன், காலை 6:40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே நிலை. 2012இல் வாங்கிய மெஷின், அதில் விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் இரண்டும். மகன் புது மதர்போர்டு வாங்கிக் கொடுத்தான். டிஸ்கை மாட்டினால் பூட் மெனுவில் டிஸ்க் பெயரே வரவில்லை. பயாஸுக்குள் பார்த்தால் டிஸ்க் தெரிகிறது. இந்த இழையில் சொன்ன ஏஹெச்சிஐ எல்லாம் சரியாகவே இருக்கிறது. நான் எங்கே பார்ப்பது?

---

கம்மனஹள்ளிக்காரன் | வியாழன், காலை 7:30

ஐயா, வணக்கம். உங்களுடையது வேறு கதை. தனி இழை போட்டால் நல்லது, ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேடி வருகிறவர்களுக்கு ஒரே இடத்தில் கிடைக்கும்.

உங்கள் பழைய மெஷின் லெகசி பயாஸ் முறையில் இருந்திருக்கும். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். புது போர்டுகள் பலவற்றில் அந்தப் பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம் என்ற வசதி இல்லை. அதனால் உங்கள் டிஸ்கில் பூட் செய்ய எதுவும் இல்லை என்று அது நினைக்கிறது.

விண்டோஸ் மட்டும் இருந்திருந்தால் 2017இல் வந்த எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியே போதும். டேட்டா போகாமல் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றிவிடும். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. அந்தக் காலத்து டூயல் பூட்டில் லினக்ஸை எக்ஸ்டெண்டடுக்குள்தான் போடுவோம். ஆக 'வேலிடேட்' கொடுத்த உடனே முடியாது என்று சொல்லிவிடும்.

கைவழி இருக்கிறது. லைவ் யூஎஸ்பியில் ஜிடிஸ்க் கருவி, எக்ஸ்டெண்டடுக்குள் இருப்பதையும் சேர்த்தே ஜிபிடியாக மாற்றித் தரும். நீங்கள் கடைசியில் எழுதச் சொல்லும் வரை டிஸ்கில் எதுவும் மாறாது, அது ஒரு நிம்மதி. டிஸ்கின் கடைசி 33 செக்டார் காலியாக இருக்க வேண்டும், ஜிபிடி தன் இரண்டாவது பிரதியை அங்கே எழுதும். பிறகு எங்காவது 300 எம்பி இடம் சுருக்கி இஎஸ்பி ஒன்றைப் புதிதாக உண்டாக்க வேண்டும். விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியில் இருந்து பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸின் பூட் ஃபைல்களை அதில் எழுத வேண்டும். மின்ட் பக்கம் பழைய கிரப்-பிசி தொகுப்பை எடுத்துவிட்டு கிரப்-இஎஃப்ஐ போட வேண்டும். அதற்கு மேல் ஏரிக்கரை மேலே எழுதிய சிஎச்ரூட் வழிதான்.

ஆனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன் ஐயா. முழு பேக்கப் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பேக்கப் இருந்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால், இரண்டையும் புதிதாகவே நிறுவிவிட்டு ஹோம் ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவருவேன். அச்சகத்துப் பெண்ணுக்கு ஃபார்மட் வேண்டாம் என்று சொன்ன நானேதான் இதையும் சொல்கிறேன். அவர் டிஸ்கில் எதுவும் தப்பாக இல்லை, உங்கள் டிஸ்கின் அஸ்திவாரமே மாற வேண்டியிருக்கிறது.

---

மத்திகெரே வாத்தியார் | வியாழன், காலை 8:05

புரிந்தது. மகனின் லேப்டாப்பில் இணைத்து முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுக்கிறேன். அவசரம் இல்லாத வேலைதான், புதிதாகவே நிறுவிக்கொள்கிறேன். நன்றி.

---

ஏரிக்கரை | வியாழன், காலை 8:40

அச்சகத்துப் பெண்ணுக்கு: அந்த ஒன்றரை நிமிஷம் எதையோ தேடிக் காத்திருக்கும் நேரம். பழைய மெஷினில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஏதாவது இருந்ததா? எந்த டிஸ்குகளை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அதன் யூயூஐடி (அடையாள எண்) எழுதியிருந்தால், டெபியன் 90 வினாடி அதற்காகக் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். டெபியன் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டிருப்பீர்கள், அதனால்தான் அங்கேயும் பூட்டு.

லைவ் யூஎஸ்பியில் போய், எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் ஆப்ஷன் இடத்தில் 'நோஃபெயில்' என்று சேருங்கள். டிஸ்க் இருந்தால் மவுண்ட் ஆகும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகும்.

விண்டோஸ் மெனுவில் இல்லாததற்குக் காரணம், கிரப் 2.06இல் இருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்புக்காக அணைத்தே தருகிறார்கள். டீஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் ஃபைலில் 'கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்ற வரியின் முன்னால் உள்ள # குறியை எடுத்து, ஃபால்ஸ் என்று வைத்து, அப்டேட்-கிரப் கொடுங்கள். அந்த வரியே இல்லாவிட்டால் நீங்களே எழுதுங்கள்.

---

பெல்லந்தூர் புதுசு | வியாழன், மதியம் 12:20

சென்னையில் இருந்து வந்து மூணு மாசம் ஆகிறது. என் லேப்டாப்பில் விண்டோஸ் 11ம் ஃபெடோரா லினக்ஸும். டிஸ்ப்ளே போனதால் எஸ்எஸ்டியை வேறு லேப்டாப்பில் போட்டேன். 48 இலக்கச் சாவி கேட்கிறது. நான் எந்த என்க்ரிப்ஷனும் வைத்ததாக ஞாபகமே இல்லை. ஃபெடோராவும் பாதியில் நிற்கிறது.

---

ஏரிக்கரை | வியாழன், மதியம் 1:35

தம்பி, நீங்கள் வைக்காமலே வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு விண்டோஸ் 11ஐத் தொடங்கினால் பல லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) தானாகவே ஆன் ஆகிவிடும். சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்புக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, அது டிஸ்கோடு வராது. அந்த 48 இலக்கம் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் டிவைஸ் பக்கத்தில் 'ரெக்கவரி கீ' என்று இருக்கும். ஃபோனிலேயே பார்க்கலாம். கம்பெனி அக்கவுண்ட் என்றால் கம்பெனி ஐடி ஆட்களிடம் கேட்க வேண்டும். அந்த எண் இல்லாமல் இந்த லேப்டாப்பில் உள்ளே போக வழி கிடையாது, யாராவது 'உடைத்துத் தருகிறேன்' என்றால் பணம் கொடுக்காதீர்கள். எண் கிடைத்தால் லினக்ஸில் இருந்தும் க்ரிப்ட்செட்டப் வழியாகத் திறக்கலாம்.

ஃபெடோரா நிற்பதற்கு, அதன் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சின்னத் தொகுப்பு) பழைய மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் எடுத்துக் கட்டப்படுவது ஒரு காரணமாக இருக்கலாம். கிரப் மெனுவில் 'ரெஸ்க்யூ' என்று ஒரு வரி இருக்கும், அதில் எல்லா டிரைவரும் உண்டு. அதில் போய், இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் கருவியான டிராகட்டை 'ரீஜெனரேட்-ஆல்' என்று ஓட்டுங்கள்.

வர்ச்சுவல்பாக்ஸோ என்விடியா டிரைவரோ போட்டிருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். செக்யூர் பூட்டுக்காக (கையெழுத்து உள்ள நிரல்களை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) நீங்கள் பதிவு செய்த எம்ஓகே சாவியும் பழைய போர்டிலேயே தங்கிவிட்டது. புது போர்டில் மறுபடி பதிவு செய்யும் வரை அந்த மாட்யூல்கள் ஏறாது.

---

பெல்லந்தூர் புதுசு | வியாழன், மாலை 6:48

அக்கவுண்ட்டில் சாவி இருந்தது அக்கா. திறந்துவிட்டது. ரெஸ்க்யூ வழியில் ஃபெடோராவும் வந்துவிட்டது. அந்த 48 எண்ணையும் பேப்பரில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன்.

---

கம்மனஹள்ளிக்காரன் | வியாழன், இரவு 7:05

பர்ஸில் வேண்டாம் தம்பி, வீட்டில் வையுங்கள். லேப்டாப் பையும் பர்ஸும் ஒரே பஸ்ஸில் தொலையும்.

---

அச்சகத்துப் பெண் | வெள்ளி, காலை 10:15

எல்லாம் வந்துவிட்டது. அக்கா சொன்னது அப்படியே. பழைய மெஷினில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. இந்தப் பெட்டி சின்னது, பவர் வயர் ஒன்றுதான் மிச்சம், அதனால் அதை மாட்டவில்லை. 'நோஃபெயில்' சேர்த்ததும் டெபியன் இருபது வினாடிக்குள் வந்துவிட்டது. கிரப் மெனுவில் இப்போது இரண்டு விண்டோஸ் தெரிகின்றன, ஒன்று எங்கள் எஸ்எஸ்டியில், ஒன்று என்விஎம்ஈயில்.

எங்கள் பழைய விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகாமல் போகும் என்று பயந்தேன். நெட் இணைத்த கொஞ்ச நேரத்தில் தானே 'ஆக்டிவேட்டட்' என்று காட்டியது. எப்படி?

அப்புறம், விண்டோஸில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. என்விஎம்ஈயில் உள்ள விண்டோஸ் 11, அக்கா எச்சரித்த மாதிரியே நீலத் திரை காட்டுகிறது.

---

ஏரிக்கரை | வெள்ளி, காலை 11:00

டிஜிட்டல் லைசென்ஸ் டிஸ்கோடு இல்லாமல் மதர்போர்டோடு பிணைந்தது. உங்கள் பழைய லைசென்ஸ் பழைய போர்டோடு போய்விட்டது. ஆனால் இந்தப் போர்டுக்கு ஏற்கெனவே ப்ரோ லைசென்ஸ் இருக்கிறது, உங்கள் விண்டோஸ் 10ம் ப்ரோ. அதனால் ஏற்றுக்கொண்டது. ஹோம் ஆக இருந்திருந்தால் ஒத்துப்போயிருக்காது.

கடிகாரம்: லைவ் யூஎஸ்பி மதர்போர்டு கடிகாரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு நெட் நேரத்தை அப்படியே அதில் எழுதிவிட்டது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது, அதனால்தான் கணக்காக ஐந்தரை மணி. விண்டோஸ் செட்டிங்கில் 'சிங்க் நவ்' ஒரு தடவை கொடுங்கள். உங்கள் டெபியன் பழைய மெஷினிலேயே உள்ளூர் நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தால் அந்த அமைப்பு டிஸ்கோடு வந்திருக்கும், மறுபடி மாறாது.

என்விஎம்ஈ விண்டோஸுக்கு: பயாஸில் தற்காலிகமாக 'ரெய்டு ஆன்'க்குத் திரும்புங்கள். அந்த விண்டோஸ் 11க்குள் போய் அட்மின் ப்ராம்ப்டில் பிசிடிஎடிட் கட்டளை மூலம் 'சேஃப்பூட் மினிமல்' வையுங்கள். ரீஸ்டார்ட், பயாஸில் ஏஹெச்சிஐ. சேஃப் மோடில் வரும்போது ஏஹெச்சிஐ டிரைவரையும் சேர்த்து ஏற்றிப் பழகிக்கொள்ளும். பிறகு அதே கட்டளையால் 'சேஃப்பூட்' மதிப்பை நீக்கிவிட்டு சாதாரணமாக வாருங்கள். நீக்க மறந்தால் ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடிலேயே நிற்கும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பேஜ்மேக்கருக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேங்க், மெயில் எல்லாம் 11லோ டெபியனிலோ செய்யுங்கள்.

---

அச்சகத்துப் பெண் | சனி, மாலை 5:30

மூன்றும் பூட் ஆகின்றன. கடிகாரமும் சரி.

இன்று மதியம் முதல் பத்திரிகை அச்சுக்குப் போனது. 400 பிரதி, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம். முகூர்த்த நேரத்தை அப்பா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் ஏற்றினார்.

பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 'சாட்டா: ஏஹெச்சிஐ. பூட்: யூஇஎஃப்ஐ. ஹைபர்னேட் ஆஃப். பொது இடத்திலும் கிரப் உண்டு.' கீழே எஃப்எஸ்டேப்பில் உள்ள யூயூஐடிகளை பென்சிலில் எழுதியிருக்கிறேன், டிஸ்க் மாற்றினால் அழித்து எழுத வேண்டும் என்பதால். வேறு ஏதாவது அதில் சேர்க்க வேண்டுமா?

---

கம்மனஹள்ளிக்காரன் | சனி, மாலை 6:10

கடைசியாக பேக்கப் எடுத்த தேதி. அதையும் பென்சிலிலேயே எழுதுங்கள்.